பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை 1:72 அளவில்: மண் சுவர் மண் சுவராகத் தெரிய என்ன செய்யலாம்?

கயத்தாற்றுக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். நானும் இரண்டு நண்பர்களும் பாளையங்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமை மதியம் மேசையில் போர் விளையாட்டு ஆடுகிறோம். 1:72 அளவு (நிஜத்தில் 72 செ.மீ. என்றால் இங்கே 1 செ.மீ.) பிளாஸ்டிக் சிப்பாய்கள், ஆறடிக்கு நாலடி ப்ளைவுட், பகடை, அளவு நாடா, அவ்வளவுதான். நாலு வருடமாக பெல்ஜியத்து வாட்டர்லூவையும் அதைச் சுற்றியுள்ள சண்டைகளையும்தான் மாற்றி மாற்றி ஆடினோம். போன மே மாதம் பாஞ்சாலங்குறிச்சித் திருவிழாவுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் பேச்சு வந்தது. 1801 மார்ச் 31 நம்ம வீட்டு வாசலில் கிடக்கிறது, நாம் எதற்கு பெல்ஜியத்துப் பண்ணை வீட்டைக் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று. பிப்ரவரி 2 அன்று கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்புகிறார். ஒரு வாரம் கழித்து கம்பெனியின் மேஜர் மெக்காலே படையோடு வந்து பார்த்தால், 1799இல் கம்பெனி இடித்துப் போட்ட கோட்டை மறுபடி எழுந்து நிற்கிறது. மார்ச் 31 அன்று மோதிப் பார்த்துத் தோற்றுப் பின்வாங்கினார்கள். அந்த ஒரு நாளை மேசையில் ஆட வேண்டும் என்று மூன்று பேருக்கும் ஆசை.

கோட்டை கட்டும் பொறுப்பு எனக்கு. முதல் முயற்சி சரியாக வரவில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன். டவுனில் இரண்டு அங்குலத் தெர்மாகோல் வாங்கி பிளேடால் அறுத்தேன், வெட்டிய இடமெல்லாம் மணி மணியாக உதிர்ந்தது. மேலே பல் பல்லாக மதில் வெட்டி, பேனாவால் கல் வரி போட்டு, சாம்பல் நிற ஸ்ப்ரே பெயின்ட் அடித்தேன். அடித்த இடமெல்லாம் உருகிக் குழி விழுந்துவிட்டது. உருகாத பக்கத்தைப் பார்த்தாலும் ஏதோ ஐரோப்பியக் கல் கோட்டை மாதிரி இருக்கிறதே தவிர நம்ம ஊர் மண் தெரியவில்லை.

தெரிய வேண்டியது இவைதான். கோட்டையின் உண்மையான அளவு என்ன, அது எங்கள் மேசையில் அடங்குமா? மண் சுவரை எதை வைத்துச் செய்வது? சுற்றி முள்வேலி இருந்தது என்கிறார்கள், அதை எப்படிக் காட்டுவது? உள்ளே வீடுகள் வேண்டுமா? செலவு இரண்டாயிரத்துக்குள் முடிந்தால் நல்லது.

வடலிக்காடு

அண்ணாச்சி, நீங்கள் கட்டியது இப்போது அங்கே நிற்கிற நினைவுக் கோட்டையை மனதில் வைத்து. அது 1974இல் தமிழ்நாடு அரசு கட்டபொம்மனுக்காக எழுப்பியது. போய்க் கும்பிட்டு வரலாம், அளவெடுக்க முடியாது. 1801 மே மாதம் கோட்டை விழுந்த பிறகு அதைத் தரைமட்டமாக்கி, உழுது, ஆமணக்கு விதைத்தார்கள் என்றுதான் எங்கள் பக்கம் சொல்வார்கள். நான் ஓட்டப்பிடாரம் பக்கத்துக்காரன், வேலை சிவில் வரைபடம் போடுவது, அதனால் அளவைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

அன்றைய கம்பெனிப் படையினர் எழுதி வைத்ததன்படி கோட்டை ஏறக்குறைய 500 அடி நீளம், 300 அடி அகலம், நீள்சதுரம். சுவர் சுமார் 12 அடி உயரம். முழுக்க முழுக்க மண், அதுவும் கெட்டியான, ஒட்டிப் பிடிக்கிற மண். சுவரிலிருந்து துருத்தி நிற்கும் சின்னச் சின்னச் சதுரக் கொத்தளங்கள், ஒரு கொத்தளத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே வரும் மதில் நீளத்தில் ரொம்பக் குட்டை. வெளியே சுற்றிலும் அடர்ந்த முள்வேலி. உங்களுக்கு இதுவே போதும். இதில் கல் என்ற பேச்சே இல்லை, பல் வைத்த மதில் என்ற பேச்சும் இல்லை.

இப்போது கணக்கு. 1:72இல் 500 அடி என்பது 212 செ.மீ., 300 அடி என்பது 127 செ.மீ. உங்கள் ப்ளைவுட் 183க்கு 122. கோட்டையே மேசைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், மெக்காலே ஆட்கள் பக்கத்து அறையிலிருந்துதான் வர வேண்டும். ஆனால் சுவர் 12 அடி என்பது 5 செ.மீ.தான். உங்கள் சிப்பாய் இரண்டேகால் செ.மீ. இருப்பான், அவனுக்கு இரண்டாள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. இந்த 5 செ.மீ.யை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நீள அகலத்தைச் சுருக்கினால் யாருக்கும் தெரியாது, உயரத்தைக் கூட்டினால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். பாளையக்காரர் கோட்டைகளைச் செய்கிற எல்லோரும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள், வீரம் தெரிய வேண்டும் என்று சுவரைப் பத்து செ.மீ. ஏற்றிவிடுகிறார்கள். இரண்டாள் உயர மண் சுவரை வைத்துக்கொண்டு பீரங்கி வைத்திருந்தவனைத் திருப்பி அனுப்பினார்கள் என்பதுதான் அங்கே நடந்தது. அந்தச் சுவர் அவ்வளவு உயரம்தான் என்று பார்க்கிறவனுக்குத் தெரிய வேண்டும்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, முழுக் கோட்டையையும் 90க்கு 54 செ.மீ. என்று சுருக்கிக் கட்டுவது, ஐந்துக்கு மூன்று என்ற விகிதம் கெடாது. இன்னொன்று, தாக்குதல் விழுந்த ஒரு பக்கத்தை மட்டும் கட்டி, மற்றப் பக்கங்கள் மேசை விளிம்போடு ஓடிப் போய்விடுவதாக விடுவது. நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். மூன்று கொத்தளம், இரண்டு குட்டை மதில், பின்னால் கொஞ்சம் உள்தரை. வேலை பாதியாகும், மிச்சமாகும் நேரத்தைச் சுவரின் முகத்தில் செலவழிக்கலாம்.

சுவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஆச்சி வீட்டின் பின்பக்கம் ஒரு பழைய மண் சுவர் கிடந்தது, கூரை போய் இருபது வருடம் இருக்கும். ஐப்பசி மழை முடிந்து கார்த்திகையில் போய்ப் பார்த்தால் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு மண் கரைந்து உள்வாங்கியிருக்கும், மேல் விளிம்பு கூர்மை போய் முதுகு மாதிரி உருண்டிருக்கும், நடுவில் வைக்கோல் நுனிகள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். வெயில் சாய்ந்து விழும்போது சுவரில் படுக்கை வாட்டில் வரி தெரியும். மண்ணை மிதித்துக் குழைத்து ஒரு முழம் ஏற்றி, அது காய்ந்த பிறகு அடுத்த முழம் ஏற்றுவார்கள், அந்த வரி அதுதான். 1:72இல் ஒரு முழம் 6 மி.மீ. சுவரில் 6 மி.மீ.க்கு ஒரு முறை, நேர்கோடாக இல்லாமல் லேசாக அலையும் வரி ஒன்று போடுங்கள். வரி எடுப்பாகத் தெரியக்கூடாது, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் மட்டும் தெரிந்தால் போதும். அடி 4 செ.மீ. அகலம், மேலே 2 செ.மீ. என்று சாய்வு கொடுங்கள், நான் அப்படித்தான் செய்தேன், கண்ணுக்கு நன்றாக உட்கார்ந்தது.

நீங்கள் ஆடப்போவது 1801 என்பதால் இன்னொன்றும் செய்யலாம். இது இடித்துப் போட்ட கோட்டையைச் சில நாட்களில் மறுபடி எழுப்பிய சுவர். பழைய அடிப்பாகம் வெளுத்து வழவழப்பாக, மேல்பாகம் கொஞ்சம் கருத்து, கை வைத்துத் தேய்த்த தடத்தோடு, என இரண்டு நிறமாகக் காட்டுங்கள். இது என் ஊகம், யாரும் எழுதி வைத்ததல்ல. ஆனால் சுற்று வட்டார சனம் மொத்தமும் கூடி மண் சுமந்து எழுப்பிய சுவர் அது, அந்த அவசரம் சுவரில் தெரிந்தால்தான் எனக்குத் திருப்தியாக இருக்கும்.

கடைசல் பட்டறை

நான் அம்பாசமுத்திரம். மரச் செப்புச் சாமான் கடைசல்தான் குடும்பத் தொழில், பொம்மைப் போர் பக்கம் வந்தது மகனால். சுவரைப் பற்றி மேலே அண்ணாச்சி சொன்ன பிறகு நான் சொல்ல ஒன்றும் இல்லை. வெட்டுவது, ஒட்டுவது பற்றிச் சொல்கிறேன்.

தெர்மாகோலை பிளேடால் வெட்டினால் மணி உதிரத்தான் செய்யும். கரண்ட் போனால் சூடேறும் நிக்ரோம் கம்பி ஒரு சாண் வாங்கி, வில் மாதிரி ஒரு மரச் சட்டத்தில் ஸ்பிரிங் போட்டு இழுத்துக் கட்டி, 12 வோல்ட் அடாப்டரில் கொடுங்கள். சூடேறினால் கம்பி நீளும், ஸ்பிரிங் இல்லையென்றால் தொய்ந்து வெட்டு வளைந்துவிடும். கம்பி சிவக்கவே கூடாது, சிவந்தால் தெர்மாகோல் வெட்டுப்படாமல் உருகி விலகும். வெட்டும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், அந்தப் புகை நல்லதில்லை. வீட்டு கரண்டில் நேராகக் கொடுக்கிற வீடியோக்கள் சுற்றுகின்றன, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

முடிந்தால் தெர்மாகோலே வேண்டாம். கூரைக்கு வெப்பத் தடுப்பாகப் போடுகிற நீல நிற, ரோஸ் நிற ஃபோம் பலகை இருக்கிறது, அதில் மணி கிடையாது, கத்திக்கு வெண்ணெய் மாதிரி வரும், பேனா அழுத்தினால் தடம் அப்படியே நிற்கும். கடையில் கேட்டால் முழுப் பலகையாகத்தான் தருவார்கள். குளிர்பதனக் கிட்டங்கி வேலை நடக்கிற இடத்தில் கேட்டால் துண்டு கிடைக்கும், எனக்கு அப்படித்தான் ஒரு சாக்கு நிறையக் கிடைத்தது. அடித்தட்டுக்கு பிளக்ஸ் அடிக்கிற கடையில் மிஞ்சும் சன்போர்டு என்கிற பிளாஸ்டிக் பலகை போதும்.

ஸ்ப்ரே உருக்கியது அதிலுள்ள கரைப்பானால். எனாமலுக்குக் கலக்கிற தின்னரும் அதையேதான் செய்யும். ஃபெவிக்காலும் தண்ணீரும் சரிபாதி கலந்து முதலில் இரண்டு பூச்சு கொடுத்துவிடுங்கள், ஒரு இடம்கூட விட்டுப்போகக் கூடாது. அதன் மேலேயும் தண்ணீரில் கரையும் வண்ணமே அடியுங்கள். சுவருக்கு அடிக்கிற வெள்ளை டிஸ்டெம்பர், அதில் கலக்க ஸ்டெயினர் ட்யூப் மஞ்சள், சிவப்பு, கறுப்பு மூன்று வாங்கினால் மொத்தக் கோட்டைக்கும் ஆகும். ஓவியக் கடைச் சின்ன டப்பா அக்ரிலிக்கை கோட்டை முழுக்க அடித்தால் உங்கள் இரண்டாயிரம் அதிலேயே போய்விடும்.

கொத்தளத்தைப் பெட்டி மாதிரி அடைத்துவிடாதீர்கள். மேல்பக்கத்தைத் திறந்து உள்ளே குழிவாக விடுங்கள், அடியில் மெல்லிய இரும்புத் தகடு ஒட்டி, சிப்பாய் பீடத்தில் சின்ன காந்தம் வைத்தால் உள்ளே நிற்பவர்கள் சாய மாட்டார்கள். பீரங்கி அடித்துச் சுவரில் உண்டாக்கிய பிளவு வழியாக ஏறி வந்தவர்களை உள்ளிருந்து நீண்ட ஈட்டிகளால் குத்தித் தள்ளியதுதான் அந்தச் சண்டையின் முக்கியமான இடம். உள்ளே ஆள் நிறுத்த இடமில்லாத கொத்தளத்தை வைத்துக்கொண்டு அதை எப்படி ஆடுவீர்கள்? ஈட்டிக்குத் தென்னை ஈர்க்கை 6 செ.மீ.க்கு நறுக்கி நுனியைச் சீவினால் போதும், வளையும், உடையாது. பிளாஸ்டிக் சிப்பாயோடு வருகிற ஈட்டி ஒன்றும் அந்த நீளம் வராது.

பீரங்கிக் குழல் வேண்டுமென்றால் சொல்லுங்கள், கடைசலில் நாலைந்து கடைந்து தருகிறேன். இந்த அளவுக்கு மஞ்சக்கடம்பு மரம் நன்றாக நிற்கிறது.

உப்பளத்தான்

மாற்றுக் கருத்து. தூத்துக்குடியில் நாங்கள் 6 மி.மீ. ஆட்களை வைத்து ஆடுகிறோம். அது ஏறக்குறைய 1:300. அதில் முழுக் கோட்டையும் 51க்கு 30 செ.மீ.யில் அடங்கிவிடும், சுவர் 1.2 செ.மீ., சுற்றிலும் காடு, பாசறை, பீரங்கி மேடு எல்லாவற்றுக்கும் மேசையில் இடம் இருக்கும். ஒரு பக்கச் சுவரை மட்டும் கட்டி ஆடினால் அது சண்டையாக இருக்கும், முற்றுகையாக இருக்காது. கோட்டை விழுந்த மே 21 தொடங்கி 24 வரையிலான முற்றுகையை, கம்பெனியின் கர்னல் அக்னியூ நடத்தியதை ஆட வேண்டுமென்றால் நாலு பக்கமும் வேண்டும்.

வடலிக்காடு

உப்பளத்தார் சொல்வது மே மாதத்துக்குச் சரி, நானே ஆடுவதென்றால் மே 24ஐ 6 மி.மீ.யில்தான் ஆடுவேன். ஆனால் இவர் கேட்பது மார்ச் 31. அன்று நடந்தது எல்லாம் வேலிக்கும் சுவருக்கும் பிளவுக்கும் இடையில், கைக்கெட்டும் தூரத்தில். 6 மி.மீ. ஆளின் கையில் ஈட்டி இருக்கிறதா துப்பாக்கி இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். எது முக்கியமோ அதற்கேற்ற அளவு.

பத்தமடை அக்கா

தம்பி, சுவரையும் பீரங்கியையும் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள், மரமும் வீடும் என் பங்கு. நான் பதினைந்து வருடமாக நவராத்திரி கொலுவுக்குக் கிராமம், சந்தை, தெப்பக்குளம் என்று செய்துகொண்டிருக்கிறேன், போர் விளையாட்டு எனக்குத் தெரியாது. ஆனால் நம்ம ஊர் நிலத்தைக் காட்டுவதில் எல்லோரும் செய்கிற இரண்டு தப்பு கண்ணை உறுத்துகிறது, அதனால் எழுதுகிறேன்.

முதலாவது, முள் என்றதும் சீமைக்கருவேலத்தை நட்டுவிடுகிறார்கள். இன்று ஓட்டப்பிடாரம் ரோட்டில் இரண்டு பக்கமும் அதுதான் என்பதால் அந்த நினைப்பு வருகிறது. அது நம்ம நாட்டுக்கு வந்ததே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். ஊமைத்துரை அந்த மரத்தைப் பார்த்திருக்கவே முடியாது. நீங்கள் வைக்க வேண்டியது உடை மரம், அப்புறம் நாட்டுக் கருவேலம். உடை மரம் குடையை விரித்த மாதிரி மேலே தட்டையாக இருக்கும், வெள்ளை முள் நீளமாக நிற்கும், தூரத்திலிருந்து பார்த்தாலே நம்ம சீமை என்று தெரிந்துவிடும். மெல்லிய செம்புக் கம்பியை எட்டுப் பத்து இழை முறுக்கி, மேலே விரித்து, குடை மாதிரி ஒரே மட்டத்துக்கு நறுக்கி, பசை தடவி, அரைத்துச் சலித்த காய்ந்த முருங்கை இலைத் தூளைத் தூவினால் அப்படியே வரும். இலைத் தூள் வெயிலில் வெளுத்துப் போகும், அதனால் தூவுவதற்கு முன் பச்சைச் சாயத்தில் ஒரு முறை முக்கி உலர்த்திவிடுங்கள்.

வேலி வேறு விஷயம், அது வளர்ந்த மரம் அல்ல, பிணைந்து கிடக்கும் முள். தேங்காய் நாரை உதறி, விரலால் பிய்த்து, ஃபெவிக்கால் தண்ணீரில் முக்கி, இரண்டு விரல் அகலத்துக்கு உருட்டிக் காய வைத்தால் கெட்டியான முள்புதர் கிடைக்கும். காய்ந்ததும் கத்தரியால் நுனிகளை இப்படியும் அப்படியும் வெட்டிவிடுங்கள், வெட்டாவிட்டால் நாராகத்தான் தெரியும். நிறம் பச்சை வேண்டாம். வெட்டிப் போட்ட முள் ஒரு மாதத்தில் சாம்பலும் பழுப்புமாகப் போய்விடும்.

இரண்டாவது தப்பு, ஓடு. உள்ளே வீடு வைப்பவர்கள் எல்லோரும் தட்டையான சிவப்பு ஓட்டை வைக்கிறார்கள். அந்தச் சீமை ஓடு மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் 1865இல் தொழிற்சாலை போட்ட பிறகு பரவியது. 1801க்கு வேண்டியது பனை ஓலைக் கூரை, வசதியான வீடு என்றால் நாட்டு ஓடு. நாட்டு ஓட்டுக்கு அட்டைப்பெட்டியின் ஒரு பக்கக் காகிதத்தை ஈரப்படுத்தி உரித்தால் உள்ளே அலை அலையாக இருக்கும், அதை 5 மி.மீ. பட்டையாக நறுக்கி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குங்கள். எல்லாப் பட்டையும் ஒரே நேராக இருந்தால் தொழிற்சாலை ஓடு ஆகிவிடும், கொஞ்சம் கோணலாக வையுங்கள்.

ஓலைக் கூரைக்கு எங்கள் ஊரில் ஒரு சௌகரியம் உண்டு. பட்டுப் பாய்க்குக் கோரையைத் தலைமுடி மாதிரிக் கிழிப்பார்கள், அதில் கழித்துப் போட்ட துணுக்கு நெசவு வீடுகளில் கேட்டால் சும்மாவே கிடைக்கும். ஒரு செ.மீ.க்கு நறுக்கி, கூரையின் கீழ் விளிம்பிலிருந்து மேலே வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டு போனால் 1:72க்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். அது கிடைக்காதவர்கள் தென்னம் பன்னாடையைப் பிரித்து ஒட்டலாம், வைக்கோல் மட்டும் வேண்டாம், இந்த அளவில் ஒரு வைக்கோல் மூங்கில் மாதிரித் தெரியும்.

பனை மரம் எத்தனை வைத்தாலும் தகும், ஆனால் வடலியை, அதாவது இளம் பனையை, மறந்துவிடாதீர்கள். எல்லாப் பனையும் ஒரே உயரமாக நின்றால் அது தோட்டம். மூன்று நெட்டை, இரண்டு நடுத்தரம், தரையோடு விரிந்த ஆறேழு வடலி என்று கலந்தால்தான் காடு. வடலிக்குக் காகிதத்தை விசிறி மாதிரி மடித்து விளிம்பைக் கத்தரித்து ஐந்தாறு சொருகினால் முடிந்தது.

கயத்தாற்றுக்காரன்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் உட்கார்ந்து ஒரு கொத்தளத்தை மட்டும் சோதனைக்குச் செய்தேன். நிக்ரோம் வில் நன்றாக வேலை செய்கிறது, ஃபோம் பலகைத் துண்டும் கிடைத்தது. முழ வரி போட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தபோது வீட்டில் எல்லோரும் வந்து பார்த்தார்கள், அப்பா தொட்டுப் பார்த்துவிட்டு எங்கள் பழைய வீட்டு மாட்டுக் கொட்டில் சுவர் மாதிரி இருக்கிறது என்றார்.

பிரச்சினை மேல் பூச்சில். உண்மையான மண்ணே போடலாம் என்று மாமா தோட்டத்துக் கரிசல் மண்ணைக் கொண்டுவந்து, சலித்து, ஃபெவிக்காலில் குழைத்து 3 மி.மீ. கனத்துக்குப் பூசினேன். மறுநாள் காலையில் பார்த்தால் பாளம் பாளமாக வெடித்து, இரண்டு பாளம் கழன்றே விழுந்துவிட்டது. அடியிலிருந்த சன்போர்டும் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டது. எங்கே தவறினேன்?

வடலிக்காடு

தவறு மண்ணில். கரிசல் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சித்திரையில் காட்டில் கால் நுழைகிற அளவுக்கு வெடிப்பு விழுந்து கிடக்குமே, அதேதான் உங்கள் கொத்தளத்தில் சின்ன அளவில் நடந்திருக்கிறது. எவ்வளவு ஃபெவிக்கால் ஊற்றினாலும் அந்தக் குணம் முழுசாகப் போகாது. கரிசலைத் தரைக்குக் காட்ட வேண்டுமென்றாலும் மணலைப் போட்டு நிறத்தை மட்டும் கரிசலாக்குங்கள்.

சுவருக்கு இப்படிச் செய்யுங்கள். பெயின்டர்கள் சுவருக்கு இழுக்கிற பட்டி மூன்று பங்கு, டீ வடிகட்டியில் சலித்த ஆற்று மணல் ஒரு பங்கு, ஃபெவிக்கால் ஒரு பங்கு, தோசை மாவுக்குக் கொஞ்சம் கெட்டியாகத் தண்ணீர். ஸ்டெயினரை இந்தக் கலவையிலேயே சேர்த்துவிடுங்கள், பின்னால் விளையாடும்போது முனை பெயர்ந்தாலும் உள்ளே வெள்ளை தெரியாது. ஒரே தடவையில் 3 மி.மீ. பூசாதீர்கள். ஒரு மி.மீ. பூசி, ஃபேன் காற்றில் வைக்காமல் நிழலில் ஒரு நாள் விட்டு, அப்புறம் அடுத்தது. கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போது தேங்காய் நாரை 2 மி.மீ. துணுக்காக நறுக்கி அங்கங்கே தூவி, ஈர விரலால் ஒரு முறை கீழ்நோக்கித் தடவுங்கள். கையால் மெழுகிய சுவரின் தடம் அப்படியே விழும்.

சன்போர்டு தூக்கியது ஒரு பக்கம் மட்டும் பூசிய ஈரப் பூச்சு காய்ந்து சுருங்கி இழுத்ததால். மேலே பூசும் அன்றே அடிப்பக்கத்திலும் ஃபெவிக்கால் தண்ணீர் ஒரு பூச்சு கொடுத்து, காயும் வரை நாலு மூலையிலும் எடை வையுங்கள்.

இன்னொன்று, பிளவை எப்படிச் செய்யப்போகிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. மண் சுவரில் குண்டு பட்டால் கல் சுவர் மாதிரி துண்டு துண்டாகச் சிதறாது. குண்டு உள்ளே புதைந்து நின்றுவிடும், திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் அடித்தால்தான் மண் சரிந்து இறங்கும். அதனால் பிளவு என்பது ஓட்டை அல்ல, சரிவு. சுவரின் மேல் பாதி சரிந்து அடியில் மேடாகக் கிடக்க வேண்டும், ஆள் ஏறிப் போகிற சாய்வில், கட்டி கட்டியாக. உங்கள் வெடித்துப் போன கரிசல் பாளங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அந்தச் சரிவுக்கு அவைதான் அருமையான மண்கட்டி. மதிலின் ஒரு துண்டை மட்டும் கழற்றி மாட்டும்படி இரண்டு விதமாகச் செய்துகொள்ளுங்கள், ஒன்று முழுச் சுவர், ஒன்று சரிந்த சுவர். ஆட்டத்தின் நடுவில் மாற்றி வைக்கலாம்.

கடைசல் பட்டறை

கழற்றி மாட்டும் துண்டின் இரண்டு பக்கமும் நேர்வெட்டாக விடாமல் முழ வரியோடு சேர்த்துக் கோணலாக வெட்டுங்கள், இணைப்பு தெரியாது. குழல் நாலும் கடைந்துவிட்டேன், ஒவ்வொன்றும் மூன்றரை செ.மீ. நீளம். கம்பெனிப் பீரங்கிக்கு வண்டிச் சக்கரம் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், கோட்டைக்குள் வைப்பவற்றுக்கு நான் கனத்த மரப் பீடமாகவே செய்து அனுப்புகிறேன்.

கயத்தாற்றுக்காரன்

அண்ணாச்சி, குழலுக்கு எவ்வளவு என்று தனிச் செய்தியில் சொல்லுங்கள். பட்டிக் கலவை நேற்று இரவு ஒரு துண்டில் போட்டுப் பார்த்தேன், காலையில் ஒரு கீறல்கூட இல்லை. ஒரு பக்கம் மட்டும் கட்டுவது என்று மூவரும் முடிவு செய்துவிட்டோம். அக்காவிடம் ஒரு கேள்வி: வேலி சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும்? அப்புறம், வேலியைத் தரையோடு சேர்த்தே ஒட்டிவிடலாமா?

பத்தமடை அக்கா

தூரம் எனக்குத் தெரியாது தம்பி, அதை வடலிக்காட்டு அண்ணன் சொல்லட்டும். ஒட்டுவதைக் கடைசிக்கு வையுங்கள். முதலிலேயே ஒட்டிவிட்டால் சுவரின் அடியில் மழை அரித்த இடத்துக்கு வண்ணம் அடிக்கக் கை நுழையாது.

வடலிக்காடு

அளவு எங்கும் படித்ததில்லை. மேசையில் ஒரு 10 செ.மீ. விடுங்கள், வேலியைத் தாண்டி வந்தவன் சுவருக்கு முன்னால் நிற்க அவ்வளவு இடம் வேண்டும். துண்டு துண்டாகச் செய்து ஒட்டாமலே வைத்தால் வெட்டி வழி உண்டாக்கிய இடத்தில் ஒரு துண்டை எடுத்துவிட்டு ஆடலாம். வேலியைக் கடக்க ஒரு முழு முறை ஆகும் என்று விதி வையுங்கள், அந்த நேரத்தில் சுவரிலிருந்து வருகிற அடியைக் கம்பெனிக்காரன் நின்று வாங்கத்தான் வேண்டும்.